சுலபமாக்கிய போன்

எதிர்வீட்டு சௌந்தரபாண்டியன் சார், மனைவி திலகராணியின் புது போனை அவளுக்காகச் சுலபமாக்கித் தந்திருந்தார். எழுத்தெல்லாம் பெரிசு. முகப்பில் நாலே படம், முதல் படம் அவர்தான். பாத்திரம் தேய்த்தே ரேகை போன திலகராணியின் விரலை போன் ஏற்கவில்லையாம். தன் கட்டைவிரலைப் பதித்துவிட்டார். பூட்டைத் திறக்கும் பின் நம்பரைச் சொன்னால் மறந்துவிடுவாளாம், சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் போனை நீட்டுவாள், அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை வைப்பார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னல் எதிரே இருந்தால் பார்க்காமல் என்ன செய்ய?

நேற்று மத்தியானம் அவள் தங்கைக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்ததா என்று கேட்கப் போனை நீட்டினாள். சாப்பிட்டுப் படுத்திருந்தவர், "இப்பத்தான் கண்ணசந்தேன். நாலு மணிக்கு மேல பேசிக்கலாம், போ" என்று கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

திலகராணி அடுக்களைக்குப் போனாள். அரிவாள்மணையோடு திரும்பி வந்தாள். கட்டிலோரம் தரையில் அதைப் போட்டு, பலகையைக் காலால் அழுத்தி உட்கார்ந்தாள்.

"நீங்க எந்திரிக்க வேணாம்," என்றாள். "கட்டைவிரல் மட்டும் போதும்."