பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும்

துறைத்தலைவரின் கையிலும் ஒரு நூல் முனையைக் கொடுத்தாயிற்று.

பல்லி வாலைப் பிடிப்பதுபோல் அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

வகுப்பறை முழுக்க வெள்ளை நூல். பெஞ்சுக்குப் பெஞ்சு, ஆளுக்கு ஆள். சிலர் கையில் மூன்று நான்கு. ஓரத்தில் இருப்பவர்கள் கையில் ஒன்றே ஒன்று. வளையம் மட்டும் எங்கேயும் கிடையாது. வளையம் விழுந்தால் ஒரே ஆளையே சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டிருப்போம் என்று விரிவுரையாளன் தொண்டை வறளச் சொல்லியிருந்தான்.

பாடத்தின் பெயர் நிகழ்தகவு வரைபட மாதிரிகள். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் நூல்கண்டு.

அந்த நூல்கண்டுக்குத்தான் இன்று ஆபத்து. "கணக்குலயும் சேராம கம்ப்யூட்டர்லயும் சேராம நடுவுல தொங்குதே தம்பி" என்று போன வாரம் சொன்ன தலைவர், அடுத்த வருஷம் இது வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவன் காதில் வேறெதுவும் ஏறவில்லை. காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா உன் கிளாஸுக்கு வந்துடறேன்" என்றாள்.

"வரும்போது ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வா" என்றான் இவன்.

வாங்கி வந்திருந்தாள். பக்கத்துக் கட்டிடத்தில் புள்ளியியல் நடத்துபவள், இப்போது ஜன்னலோரமாக ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு முதல் வருஷப் பெண்போல் உட்கார்ந்திருந்தாள்.

விதி இவ்வளவுதான். யாரும் தலையைத் திருப்பி எண்ணக் கூடாது. ஒரு நூலில் சேதி அனுப்புமுன் உன் மற்ற நூல்களில் வந்த எண்களைக் கூட்டு. உன்னையும் சேர். அந்த நூலின் மறுமுனையில் இருப்பவர் காதில் சொல். ஓரத்தில் இருப்பவருக்கு வேறு நூல் இல்லை. அவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். சேதி நடுவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி ஓரத்துக்கு வரும். முடிவில், பக்கத்தில் இருப்பவரைத் தவிர யாரிடமும் பேசாத ஒவ்வொருவருக்கும் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

அறை முழுக்கக் கிசுகிசுப்பு பரவியது. தேன்கூட்டைத் தட்டிவிட்டதுபோல் இருந்தது. பிறகு அடங்கியது.

"ம், சொல்லுங்க" என்றான்.

"இருபத்திரெண்டு!" வகுப்பே கத்தியது.

தலைவர் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். தன்னையும் தொட்டுக்கொண்டார்.

"இருக்கிறது இருபத்தொண்ணுதானே தம்பி?"

அவனும் எண்ணிப்பார்த்தான். இருபத்தொன்றுதான்.

"தலைவர் சார் தன்னை ரெண்டா எண்ணியிருப்பாரு" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் முணுமுணுத்தான். தலைவரின் தொப்பை உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பில் அவனுக்கு மூச்சு திரும்பியது. யோசித்தான். வழியில் யாராவது கூட்டலில் சறுக்கியிருந்தால் நூலின் ஒரு பக்கத்துக்கு ஒரு விடையும் மறுபக்கத்துக்கு வேறு விடையும் வந்திருக்கும். இங்கே எல்லோருக்கும் ஒரே விடை. அப்படியென்றால் யாரோ தன்னையே தப்பாக எண்ணியிருக்கிறார்.

ஓரத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டான். என்ன சொல்லி அனுப்பினீங்க?

ஒண்ணு. ஒண்ணு. தலைவர் கொஞ்சம் ரோஷமாகவே, ஒண்ணு.

ஜன்னலோரம் வந்தான்.

"ரெண்டு" என்றாள் மனைவி.

வகுப்பு ஓவென்று இரைந்தது. புள்ளியியல் மேடத்துக்கே எண்ணத் தெரியவில்லை!

"ஓரத்துல இருக்கிறவங்க தன்னை மட்டும்தான் எண்ணணும் மேடம்."

"அப்படித்தான் எண்ணினேன் சார்."

வீட்டில் ஒரு நாளும் வராத சார். அவன் காது மடல் சூடானது. இவளை இரவில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பாடத்தைக் காப்பாற்ற வேண்டும். சாக்பீஸோடு பலகைக்குத் திரும்பினான்.

"பாருங்க, இதுலயும் ஒரு விஷயம் இருக்கு. மேடம் வாய் தவறித்தான் ரெண்டுன்னு சொல்லியிருந்தா, நமக்கெல்லாம் தப்பா வந்தாலும் அவங்களுக்கு மட்டும் சரியா வந்திருக்கும். அவங்களுக்கு வந்த சேதி இருபது. அதோட தன்னைச் சேர்த்தா இருபத்தொண்ணு. என்ன மேடம், உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"இருபத்திரெண்டு."

பலகையில் இருபது என்று எழுதினான். கூட்டல் குறி போட்டான். அடுத்த எண்ணுக்குக் கை போனது.

நின்றது.

முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் திரும்பினான். மனைவி அவனைப் பார்க்கவில்லை. நூலை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி என்ற சொல், காலையிலிருந்து நடந்தே வந்து, அப்போதுதான் அவன் காதுக்குள் நுழைந்தது.

"என்ன தம்பி, உன் முறை சரியா, தப்பா? அதைச் சொல்லு" என்றார் தலைவர்.

"சரி சார்." குரல் கீச்சென்று வந்தது. "எல்லாமே சரி சார்."

கூட்டல் குறிக்குப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினான். கோணல்மாணலாக வந்தது. அழித்து எழுதவில்லை.

தலைவர் அவனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை நீட்டி, முதலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார். ஜன்னலோரம் வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு தரம் அசைந்தது. கொஞ்சம் பொறுத்து, அதே இடத்தில், இன்னொரு தரம்.

எண்ணி முடித்து, கையிலிருந்த நூலைப் பத்திரமாகப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"அடுத்த வருஷம் பெரிய கண்டா வாங்கிக்கோ" என்றார்.