பக்கத்து இடம்

'தனியாகத்தான் வந்திருக்கிறாள். பின்னால் யாரும் வரவில்லை.'

மைதானத்து வாசலில் நெரிந்த கூட்டத்துக்குள் அந்தப் பெண்ணை, தன் கூடாரத்து வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அப்போதே குறித்துக்கொண்டாள். இருபது வயதுகூட இராது. தோளில் புதுக் கூடாரப் பை. கடையில் ஒட்டிய சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை. இசைவிழாவுக்கு முதல் தடவையாகத் தங்க வருகிறவர்களைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு பார்வை போதும்.

மேடையில் டிரம்மைத் தட்டிச் சோதிக்கிற சத்தம் வயிற்றுக்குள் அதிர்ந்தது. அது ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் இளைஞனின் குரல் இதமாக எழுந்தது.

"முதல் தடவையா தங்க வந்திருக்கீங்களா? பயப்படாதீங்க. தண்ணி நிறையக் குடிங்க, மாத்துத்துணிய நனையாம வெச்சுக்கோங்க. தனியா வந்தவங்க குடும்பமா இருக்கறவங்க பக்கத்துல கூடாரம் போடுங்க. வயசான அம்மா யாராவது இருந்தா ரொம்ப நல்லது."

அந்தப் பெண் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். வரிசையாக நின்ற கூடாரங்களுக்கு நடுவே, மடக்கு நாற்காலியில் நரைத்த தலையோடு இருந்தவள் இவள் ஒருத்திதான். பெண்ணின் முகம் மலர்ந்தது. நேராக இவளை நோக்கி வந்தாள்.

அவள் வருவதற்குள், கூடார வாசலில் கிடந்த பெரிய ஷூக்களை இவள் காலால் உள்ளே தள்ளினாள்.

"ஆன்ட்டி, பக்கத்துல இந்த இடம் யாருக்காவது பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

போன விழாவிலும் ஒருத்தி இதையேதான் கேட்டாள், இதே மாதிரி சிரித்துக்கொண்டு. எல்லோரும் மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் அவளுடைய கூடாரம் மட்டும் ஆளில்லாமல் நின்றது.

"அப்ப நான் போட்டுக்கறேன். எங்கம்மா விடவே மாட்டேன்னுட்டாங்க. ஒரு ஆன்ட்டி பக்கத்துல இருக்கேன்னு சொன்னா நிம்மதியாத் தூங்குவாங்க." பெண் பையை இறக்கியே விட்டாள்.

"இங்க வேண்டாம்மா. இது பள்ளம். மழை வந்தா நீ படகுலதான் தூங்கணும்."

பெண் வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை. மைதானத்திலேயே மேடான இடம் அதுதான்.

"இங்கேருந்து பாட்டில உருட்டிவிட்டா வாசல் வரைக்கும் ஓடுமே ஆன்ட்டி."

"சொன்னாக் கேளு. அதோ தண்ணித்தொட்டி தெரியுதா? அதுக்குப் பின்னாடி, வேலியோரம் போய்ப் போடு."

தொட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று இங்கிருந்து தெரியாது. காலையில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் இவள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அவ்வளவு தள்ளியா? ஒத்தையிலயா?"

"அங்க போனாலும், தனியா வந்திருக்கேன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காத. ஆன்ட்டி கூப்பிடறாங்கன்னு யாராவது வந்து சொன்னா வராத."

"நீங்களே வந்து கூப்பிட்டா?" பெண் சிரித்தாள்.

"நானே வந்து கூப்பிட்டாலும்."

சிரிப்பு பாதியில் நின்றது. பெண் பையை அள்ளிக்கொண்டு பின்னோக்கி இரண்டடி வைத்தாள். பிறகு திரும்பி, ஓட்டமும் நடையுமாகத் தொட்டிப் பக்கம் போய் மறைந்தாள்.

'பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.'

ஒலிபெருக்கி ஓய்ந்தது. சற்று நேரத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட விழாத் தொண்டன் ஒருவன், இரண்டு காகிதக் கோப்பைகளில் காபியோடு கூடாரங்களுக்கு இடையில் புகுந்து வந்தான். வழியில் யாருக்கோ கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுத்தான். ஒரு குழந்தை அவனுக்குக் கையசைத்தது.

"புதுக் கூடாரப் பையோட ஒரு பொண்ணு இங்க நின்னுச்சே, எங்க?" அறிவிப்பில் கேட்ட அதே இதமான குரல்.

"போயிட்டா."

"மைக் பக்கத்துலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். பேயக் கண்ட மாதிரி ஓடுது. என்ன சொன்னீங்க?"

அவள் தொட்டிப் பக்கம் திரும்பாமல் மேடையையே பார்த்தாள்.

"முதல் தடவை வர்ற பிள்ளைங்கள இப்படியா மிரட்டறது? அவங்களப் பத்திரமாப் பாத்துக்கறதுதான் என் வேலையே." ஒரு கோப்பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஆவி பறக்கும் கோப்பை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அவன் தண்ணீர்த்தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அதுக்குப் பின்னாடி செக்யூரிட்டி பொம்பளைங்கதானே தங்கியிருக்காங்க?"

அவன் குனிந்து கோப்பைகளைப் புல்லில் வைத்தான். நிமிர்ந்தபோது குரலில் இருந்த இதம் போயிருந்தது.

"எழுந்திருங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க கூப்பிட்டா வரும்."

அவள் நாற்காலியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"முடியாதுடா. உனக்குப் பொண்ணு பிடிச்சுத் தர்ற வேலைய உங்கம்மா விட்டுட்டா."