மழைக்கு மழை ஒரு போன்

“சார், மழை வலுக்குது. குழாயைத் திறந்துடாதீங்க. குளியல் வேணவே வேணாம்.”

இன்சூரன்ஸ் ஏஜென்ட் அம்மாதான். வானம் கறுத்தால் போதும், தையல்காரருக்குப் போன் வந்துவிடும்.

“நான் எப்பக் குளிக்கணும்னு இவ சொல்லணுமா?” என்று போனைத் துணி வெட்டும் மேஜையில் விட்டெறிந்தார்.

“அக்கறையில சொல்றாங்க,” என்றாள் மனைவி.

“அக்கறையா? சாக்கடை வீட்டுக்குள்ள ஏறினா நஷ்ட ஈடு தரணுமேன்னு வயித்துல புளி! அதான் சாக்கடைக் குழாயில வால்வு போட்டாச்சே. தெருவுல பொங்கினா தானா மூடிக்கும். ஒரு சொட்டு உள்ள வராது.”

சொன்ன கையோடு, வீம்புக்கென்றே குளிக்கப் போனார். வழக்கமாக நாலு குவளை. அன்றைக்கு நாற்பது.

வால்வு மூடினால் தெருத் தண்ணி உள்ளே வராது, சரி. வீட்டுத் தண்ணியும் வெளியே போகாது. அந்த அம்மா பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். இவர் எங்கே காதில் வாங்கினார்?

தெருச் சாக்கடை பொங்கி வால்வு மூடிக்கொள்ள, குளியலறை நிரம்பி, சோப்பு நுரையோடு தண்ணி முன்னறைக்கு நடந்து வந்தது. அங்கே தரையில், நாளைக்குக் கொடுக்க வேண்டிய அறுபது பள்ளிச் சீருடை.

“ஐயோ, பிழைப்பே போச்சு!” இடுப்பில் துண்டோடு போனைப் பிடித்தார். “ஏம்மா, உடனே கிளம்பி வா! உன் கண்ணாலயே வந்து பாரு!”

அடுத்த தெருதான். அஞ்சே நிமிஷத்தில் இன்சூரன்ஸ் அம்மா வந்துவிட்டாள். மனைவி பழந்துணியைப் போட்டு அணை கட்டிக்கொண்டிருக்க, இவள் செருப்பை உதறிவிட்டுச் சீருடைக் கட்டுகளைத் தூக்கி மேஜையில் அடுக்கினாள். அடியிலிருந்த ஒரு கட்டு மட்டும் நனைந்திருந்தது. அப்புறம் துடைப்பத்தை எடுத்தாள்.

“பெருக்குறது இருக்கட்டும்மா. பாலிசியில நஷ்டத்தை எழுது!” என்று குதித்தார் தையல்காரர்.

“எந்தப் பாலிசி?” என்றாள் மனைவி. “வால்வு போட்ட அன்னிக்கே, ‘இனி இன்சூரன்ஸ் தண்டம்’னு புதுப்பிக்காம விட்டது யாரு?”

அவருக்குத் துண்டு நழுவப் பார்த்தது.

“இவ விடாம போன் பண்ணவும், பாலிசி இருக்குன்னே நினைச்சுட்டேன்... ஏம்மா, அப்ப எதுக்குத்தான் மழைக்கு மழை போன் பண்ணினே?”

பெருக்குவதை நிறுத்தாமலே அவள் சொன்னாள்:

“பாலிசி இருக்கிற வீடுன்னா நிம்மதியா இருந்துடுவேன் சார். இல்லாத வீட்டை நினைச்சாத்தான் பயம்.”