ஓரம் வெடித்த ரொட்டி

"ஓரமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. உருட்டிட்டு மறுபடி தட்டுங்க."

அம்மா சொன்னது, உள்ளே நுழைந்த மகளின் காதில் விழுந்தது. அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் கம்பு மாவும் ஒரு கிண்ணம் தண்ணீருமாக அப்பா உட்கார்ந்திருந்தார். ஊரே தேடி வந்து துணி கொடுத்த தையல்காரர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கையால்தான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியில் அம்மா, மகாராணி மாதிரி.

"அப்பாவை ஏம்மா இந்தப் பாடு படுத்தறே? விடு, நான் தட்டறேன்."

"நீ சும்மா இரு. அவர் செய்யட்டும்."

அப்பா மாவை உருட்டி மறுபடி வைத்தார். வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவுதான். ஆனாலும் கம்பு மாவு இழுத்த இழுப்புக்கு வருமா? விரல்கள் ஒன்றுபோல இறங்கினால்தான் உடையாமல் விரியும். அவருடைய கட்டைவிரல் ஒரு பக்கம் இழுத்தது; சுண்டுவிரல் அது பாட்டுக்குத் தூங்கியது.

"தண்ணி தொட்டுக்குங்க. சுண்டுவிரலும் படணும். ம்ஹூம், திரும்ப உருட்டுங்க."

மகளுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? காலமெல்லாம் உனக்கு உழைச்சுப் போட்ட மனுஷன்மா."

அம்மா எழுந்து, துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனாள். மகளும் விடாமல் பின்னாலேயே போனாள்.

"நாளைக்கே அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நனைந்த போர்வையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தபடி அம்மா சொன்னாள்:

"கைப்பயிற்சிக்குன்னு ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க. நான் என்ன பச்சைக் குழந்தையான்னு தூக்கி எறிஞ்சுட்டார். அப்புறம் சாப்பாடு இல்ல, பேச்சு இல்ல. சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். என்ன பண்றது? எனக்கு மணிக்கட்டு வலி, மாவு தட்ட முடியலன்னு சொன்னேன். மறுபேச்சு பேசாம எழுந்து வந்தார்."

"இப்போ வலி எப்படிம்மா இருக்கு?"

"இருந்தாத்தானே? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவர் காதுல போட்டுடாதே."

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த மகள், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பாவின் வலது கை மாவின் மேல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் ஒன்றுபோல இறங்கின. வட்டமாக ஒரு ரொட்டி விரிந்தது. பேருக்குக்கூட ஒரு விரிசல் இல்லை.

அதைத் திருப்தியாக ஒரு தரம் பார்த்தார். பிறகு ஓரத்தில் அங்கங்கே நகத்தால் கீறிவிட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"உஷ், மெதுவா பேசும்மா. கை சரியாகிக் கொஞ்ச நாளாச்சு. அவளுக்குத் தெரிஞ்சா, 'நீங்க போய் மெஷின்ல உட்காருங்க'ன்னு என்னை விரட்டிட்டு அவளே தட்ட ஆரம்பிச்சுடுவா. பாவம், அவளுக்கு மணிக்கட்டு வலி."