வேற டாக்டர் வேணுமாம்

"மேடம், உங்க ரூம்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணு வேற டாக்டரைக் கேக்குது. மேஜையில உங்க பேரைப் பார்த்ததும், 'இவங்க வேணாம்'னுடுச்சு," என்றாள் வரவேற்பறைப் பெண், தயங்கித் தயங்கி.

மனநல டாக்டராக வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் டாக்டரம்மாவுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சங்கதிதான். ஊரில் அவள் சமூகத்து ஆட்கள் கொஞ்சம் பேர்தான்; பேரே காட்டிக்கொடுத்துவிடும். அவர்களில் ஒருத்தியிடம் மனசைத் திறக்கமாட்டோம் என்று எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் இன்று இருப்புக்கொள்ளாமல் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தூக்கமே வரவில்லை என்று வந்த பொண்ணு, இதிலுமா ஆள் பார்ப்பாள்? நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று கதவைத் தள்ளினாள்.

"ஏம்மா, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

அந்தப் பெண் பதறி எழுந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நானும் நம்ம ஆளுதான். பேரைக்கூட மாத்தித்தான் குடுத்தேன். உங்க பெரியம்மாவும் என் மாமியாரும் பக்கத்துப் பக்கத்து வீடு. இங்க வந்தது தெரிஞ்சா என்னைப் பைத்தியம்னு சொல்லி, குழந்தையைப் பிடுங்கிட்டு அனுப்பிடுவாங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லிவிட்டால் மட்டும் பயம் போய்விடுமா? தானே கைபிடித்து, பக்கத்து அறை டாக்டரிடம் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் அந்த மாமியார், "இவதான் என் மருமக," என்று அந்தப் பெண்ணைப் பிடித்திழுத்து டாக்டரம்மாவின் முன்னால் நிறுத்தினாள்.

"அப்படியா? இப்பதான் பாக்கறேன்," என்றாள் டாக்டரம்மா. "உனக்கு எந்த ஊரும்மா?"