ஒரு சங்கிலி தூரம்

"சங்கிலி தொய்யுது! இழுத்துப் பிடி!"

அந்தக் குரலைக் கேட்டதும் மார்த்தா சட்டென்று திரும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜுனைதீன் நிற்கிறார்.

இந்த மனுசன் எப்படி வந்தது?

காணி அளவை நடக்கிற நாளைச் சொல்லி, அயல் காணிக்காரர் வந்து நிற்கவேண்டும் என்று ஊர்த் தலைமைக்காரர் விதானையார் எல்லைப் பூவரச மரத்தில் ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டுப் போனவர். அவர் தலை மறைந்ததும் அவள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளே!

போடாமல் என்ன செய்வாள்? பழைய பகை, பதின்மூன்று வருஷமாக முற்றிப்போனது. புருஷன் யோசேப்பின் முப்பத்தோராம் நாள் பூசை முடியவில்லை, அதற்குள் வேலியை மூன்றடி இவள் பக்கம் தள்ளிக் கட்டிய ஆள் அவர். அன்றைக்குத் தொடங்கிய ஏச்சுப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

மன்னாரிலிருந்து வந்த சேர்வேயர் சிவராசா, அறுபத்தாறு அடிச் சங்கிலியைக் கீழே போடச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"காணி உறுதிப் பத்திரம் எங்கை அம்மா?"

"போன சோளகக் காத்துக் காலத்தில வீடு எரிஞ்சு போச்சு ஐயா. உறுதி, வழக்குத் தீர்ப்பு, கலியாண எழுத்து ஒண்டும் மிஞ்சேல்லை."

"வேற அத்தாட்சி?"

"இந்த முப்பது பனையும் என்ர மாமனார் நட்டது."

"பனை தானா முளைச்சதெண்டு சொல்லிப்போடுவினம்."

"கிணறு? அதுவும் அவர் வெட்டினதுதான்."

"கிணறு வாய் திறந்து சொல்லுமே அம்மா?"

சிவராசா கெட்ட மனிதர் இல்லை. புதுச் சட்டம் அப்படி வந்திருந்தது. எழுத்து இல்லாத காணி வெள்ளைக்காரத் துரைத்தனத்துக் காணி, அவ்வளவுதான். அதை அவளுக்கு விளங்கப்படுத்தும்போது அவருடைய முகமும் வாடித்தான் இருந்தது.

"பிறகு என்ன நடக்கும்?" ஜுனைதீன் குறுக்கே கேட்டார்.

"ஏலத்தில விடுவினம்."

"ஆரும் கேக்கலாமோ?"

"ஓம், ஆரும் கேக்கலாம். அயல் காணிக்காரரும் கேக்கலாம்."

மார்த்தாவுக்குத் தாங்கவில்லை.

"பாத்தீங்களே ஐயா, வாயூறுறதை! மூண்டடி காணாதாம், முழுசும் வேணுமாம்! ரெண்டு குமர்ப் பிள்ளையளோட நான் எங்கை போவன்? நீ உருப்படுவியா?"

"சத்தம் போடாதேங்கோ அம்மா. அயலைக் கேட்டுத்தான் நான் எழுதவேணும்." சிவராசா புத்தகத்தைத் திறந்துகொண்டு ஜுனைதீனைப் பார்த்தார். "சொல்லுங்கோ. இது ஆரின்ர காணி?"

கூடி நின்ற சனம் வேலியோரம் நெருங்கியது. விதானையார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மார்த்தா கழுத்துச் செபமாலையை இறுக்கிப் பிடித்தாள். அந்தோனியாரே, இந்தச் சனியனின்ர வாயைக் கட்டிப்போடும்!

ஜுனைதீன் வாய் திறக்கவில்லை. வேலி மூலையைச் சுற்றி ஆறுதலாக நடந்து வந்தார். இடுப்பு வாருக்குள் கையை விட்டு, மடித்து மடித்து மஞ்சளாகிப்போன ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினார்.

சிவராசா பிரித்து உரத்து வாசித்தார்.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தோராம் வருஷம். வழக்காளி யோசேப். எதிராளி ஜுனைதீன். எதிராளி, வழக்காளியின் சொந்தக் காணிக்குள் மூன்றடி புகுந்து வேலி கட்டினது மெய்ப்பிக்கப்பட்டது. காணியின் எல்லை கிணற்றுக் கட்டிலிருந்து மேற்கே ஒரு சங்கிலி. எதிராளி வேலியைப் பின்னுக்கு எடுக்கவேண்டியது."

சனத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜுனைதீனின் மருமகன் மெல்லப் பின்னால் நழுவினான்.

"பதினேழு வருஷத்துக்கு முந்தியே கோர்ட் எழுதியிருக்குது, சொந்தக் காணியெண்டு!" சிவராசாவின் குரலில் உயிர் வந்தது. "இது போதும். சரி, நீங்கள் தோத்த வழக்கு இது. இந்தக் கடுதாசியை என்னத்துக்கு இவ்வளவு காலம் காப்பாத்தி வச்சிருந்தனீங்கள்?"

"கோவம் ஆறிப்போகக் கூடாதெண்டுதான்," என்றார் ஜுனைதீன். "பெருநாளுக்குப் பெருநாள் எடுத்து ஒருக்கா வாசிச்சுப்போட்டு வைப்பன்."

"அப்ப இந்த வேலி?"

"யோசேப் கண்ணை மூடினாப்பிறகு திரும்பவும் தள்ளிக் கட்டினனான். பிழைதான். அளவுங்கோ."

சங்கிலிக்காரரில் ஒருவன் ஒரு முனையைக் கிணற்றுக் கட்டில் பிடித்தான். மற்றவன் மறுமுனையோடு மேற்கே நடந்தான். வேலி வந்தது. வேலியையும் தாண்டி, ஜுனைதீனின் ஆட்டுப்பட்டிக்குள் போய்த்தான் சங்கிலி முடிந்தது. ஆடுகள் மிரண்டு கத்தின.

எல்லை முளையை அறையத் தூக்கியவனைப் பார்த்து ஜுனைதீன் மறுபடி சத்தம் போட்டார்.

"தொய்யுதடா! இழுத்துப் பிடி எண்டு சொல்லுறனெல்லே!"

இழுத்தார்கள். இன்னும் நாலு விரற்கடை அவர் பக்கம் போனது. அங்கேதான் முளை இறங்கியது.

சிவராசா தீர்ப்பின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடுதாசியைத் திருப்பிக் கொடுத்தார். சனம் கலைந்தது. மார்த்தாவுக்கு அழுகைதான் வந்தது.

"நானா..." என்றாள். அண்ணன் முறை சொல்லி அவரைக் கூப்பிடுவது பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"நானாவும் வேண்டாம், கீனாவும் வேண்டாம். உன்ர கோழி இந்தப் பக்கம் வந்தால் இப்பவும் கல்லால எறிவன்."

சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். கடுதாசியை அவள் கையில் திணித்தார். மற்றவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா, பத்திரமா வை. நோட்டீசைப் போட்ட மாதிரி இதையும் அடுப்பில போட்டிடாதை."