சொந்த விருப்பத்தின் பேரில்

இப்போதெல்லாம் யாரும் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேப்பரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே நர்சம்மாவும் அப்படித்தான், பேப்பரையும் மைப்பெட்டியையும் என் முன்னால் நீட்டினாள்.

"உங்க பொண்ண இங்க வெச்சிப் பாக்க முடியாது பெரியவரே. விழுப்புரம் இட்டுக்கினு போங்க. ஜல்தியா கை வைங்க."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தது புனிதா. வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆயா பேர் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள். இமை இரண்டும் தானாக இறங்கிக்கொண்டே இருந்தன.

"என்னாம்மா எழுதியிருக்குது?"

"சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்னு. வேற ஒண்ணுமில்ல."

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பேப்பரைத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் என் சம்சாரம் அம்சவள்ளிக்கு இதே போல் ஒன்றில் கைநாட்டு வைத்தேன். விழுப்புரம் போகிற வழியில் அவள் உயிர் விக்கிரவாண்டியைத் தாண்டவில்லை.

"என் விருப்பம் இங்கயே பாக்கணும்ங்கிறதுதான். அத எழுது, வெக்கிறேன்."

"பேஜாரு பண்ணாதீங்க. வண்டி நிக்குது."

"நிக்கட்டும். இல்லாங்காட்டி, நாங்கதான் தொரத்துறோம்னு எழுதி நீ கையெழுத்துப் போடு."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். கைநாட்டு இல்லாத பேப்பரையும் பார்த்தார்.

"உள்ள தள்ளுங்க. மருந்து ஏத்தணும்."

வாசலில் மனு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த இசைவாணி என்ற பெண் ஓடி வந்தாள்.

"இதத்தான் தாத்தா சட்டமா கேக்குறோம். வைத்தியம் எல்லாருக்கும் உரிமைன்னு சட்டமன்றத்துல போட்டுட்டா ஒருத்தரையும் திருப்பி அனுப்ப முடியாது. நீங்களும் கை வைங்க."

"சட்டம் வந்தா பேப்பர்ல வார்த்தை மாறும்மா. வேற என்னா?"

அப்போதுதான் புனிதாவின் புருஷன் வந்தான். காப்பீட்டு அட்டை எடுக்க ஊருக்கு ஓடியிருந்தவன். மூச்சு வாங்கியது.

"நல்ல மாமனாரு புடிச்ச நீ," என்றாள் நர்சம்மா. "கை வெக்கவே மாட்டேன்னுட்டாரு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்க மாமனாரு செத்து ஆறு வருஷம் ஆவுது சிஸ்டர்."

நான் பிரஷருக்கு மாத்திரை எழுதி வாங்க வந்தவன். இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.

இசைவாணி மனுவோடு பின்னாலேயே வந்தாள். சட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.